ஒன்றரை மணி நேரமும் நாற்பத்து நான்கு டன்னும்

பிரிட்டனில் பதினெட்டு வயது நிரம்பி, கார் ஓட்டும் உரிமம் வைத்திருக்கும் ஒருவர், நடுவில் வேறு எந்த லாரியையும் ஓட்டிப் பழகியிருக்காவிட்டாலும், டிரெய்லர் லாரிக்கான தேர்வுக்கு நேராகப் போய் நிற்கலாம். பதினாறரை மீட்டர் நீளம், சரக்கோடு சேர்த்து 44 டன் வரை எடை கொண்ட வண்டி அது. 2021 நவம்பர் 15 முதல் சட்டம் இதை அனுமதிக்கிறது. அதற்கு முந்தைய நாள்வரை இரண்டு படிகள் இருந்தன. முதலில் முன்பாகமும் பின்பாகமும் ஒரே உடலாக உள்ள சாதாரண லாரிக்குத் தேர்ச்சி, பிறகு டிரெய்லருக்குத் தனித் தேர்ச்சி.

ஒரு படியைச் சட்டம் எடுத்துவிட்டது. சாலைப் பாதுகாப்பை விலையாகக் கொடுத்து வாங்கிய அவசர முடிவு இது என்று ஒரு தரப்பு சொன்னது. வீண் சடங்கு ஒன்று ஒழிந்தது என்று மறுதரப்பு மகிழ்ந்தது. இரு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று உண்டு: அந்தத் தேர்வு எதைத்தான் அளக்கிறது? மைதானத்தில் நாற்பது நிமிடமும் சாலையில் ஒன்றரை மணி நேரமும் நடப்பதை அருகில் போய்ப் பார்த்தால்தான் இந்த வழக்கில் ஒரு கருத்துக்கு வர முடியும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரெய்லர் லாரி என்ற யோசனை நூறு வயதைத் தாண்டியது. 1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஒரு வியாபாரி தன் படகை ஏரிக்குக் கொண்டுபோவதற்காகக் காரின் பின்னால் பூட்டும் டிரெய்லர் ஒன்றைச் செய்து கொடுத்தார். முதல் உலகப்போர் முடிந்த கையோடு பிரிட்டனில் ஸ்காமெல் நிறுவனம் இரு துண்டாக மடங்கும் லாரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வண்டி வந்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் அதற்கென்று நிலையான தேர்வு வந்தது. கார் ஓட்ட 1935 ஜூன் முதல் தேர்வு கட்டாயம். கனரக லாரிக்கு 1930-களில் தொடங்கிய உரிம முறை இரண்டாம் உலகப்போரோடு நின்றுபோக, முழுமையான தேர்வு 1970-இல்தான் மீண்டும் நிலைபெற்றது. அப்போது வகுத்த மூன்று வகுப்புகளில் டிரெய்லர் லாரி ‘கிளாஸ் ஒன்’. இன்று சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் ‘சி பிளஸ் இ’ என்று மாறியிருந்தாலும், வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களிலும் லாரி நிறுத்தங்களின் டீக்கடைகளிலும் அது இன்னும் கிளாஸ் ஒன்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பழைய கிளாஸ் ஒன் காலத்தில் கார் உரிமத்திலிருந்து நேராக டிரெய்லர் தேர்வுக்குப் போக முடிந்தது. படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்ற விதி 1990-களில் ஐரோப்பியச் சட்டங்களோடு வந்து சேர்ந்தது. ஆகவே 2021-இல் தூக்கி எறியப்பட்டது ஆதிகாலப் பாதுகாப்பு ஒன்றுமில்லை. கால் நூற்றாண்டு வயதான ஒரு விதி. எதிர்ப்பவர்களில் நரைத்த தலைகள் பலரும் அந்தப் படியை ஏறாமலே உரிமம் பெற்றவர்கள் என்பது இந்த விவாதத்தின் சின்ன வேடிக்கை.

ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே சல்லடை தொடங்கிவிடுகிறது. மருத்துவர் ஒருவர் உடலைப் பரிசோதித்துப் படிவம் நிரப்ப வேண்டும். நல்ல கண்ணில் பார்வை 6/7.5, மற்றதில் குறைந்தது 6/60 இருக்க வேண்டும்; கண்ணாடி அணிந்து இதை எட்டலாம். பிறகு எழுத்துத் தேர்வு. நூறு கேள்விகளில் 85 சரியாக இருக்க வேண்டும். அடுத்து காணொளிகளில் ஆபத்து உருவாவதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்தும் தேர்வு, அதில் நூற்றுக்கு 67. சம்பளத்துக்கு ஓட்டுபவர் என்றால் 2009 செப்டம்பர் முதல் தொழில்தகுதிச் சான்றும் வேண்டும். அதற்காக வேலைச் சூழல்களை வைத்துக் கேள்வி கேட்கும் தாள் ஒன்று, கடைசியில் செய்முறை விளக்கம் ஒன்று. எல்லாவற்றையும் வாரநாளில், முதல் முயற்சியிலேயே முடித்தால் அரசுக் கட்டணம் மட்டும் 270 பவுண்டு. உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. பயிற்சியாளர், லாரி வாடகை, டீசல் எல்லாம் சேர்ந்து ஆயிரங்களில் ஓடும். தேர்வில் தோற்றவர் 115 பவுண்டுக் கட்டணத்தோடு வண்டியையும் மறுபடி வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் பலரின் கைநடுக்கத்துக்குக் காரணம்.

செய்முறைத் தேர்வு இப்போது இரண்டு துண்டு. முதலாவது சாலைக்கு வெளியே, காலி மைதானத்தில். இதில் தேறினால்தான் சாலைத் தேர்வுக்கு நாள் கிடைக்கும்.

மைதானத்தில் கூம்புகள் நட்டிருக்கும். ஒரு பக்கத்தில் நிற்கும் லாரியை ‘எஸ்’ வடிவில் பின்னோக்கி வளைத்து, மறுபக்கத்தில் உள்ள ஒடுக்கமான அடைப்புக்குள் கொண்டுபோக வேண்டும். அடைப்பின் கடைசியில் கறுப்பு மஞ்சள் கோடு போட்ட பட்டை. டிரெய்லரின் வால் அந்தப் பட்டைக்குள் நிற்க வேண்டும், தாண்டி இடித்துவிடக் கூடாது. சரக்குக் கிடங்கின் மேடையில் லாரி முதுகைக் கொடுப்பதன் ஒத்திகை இது.

காரைப் பின்னெடுத்துப் பழகிய மூளைக்கு இங்கே எல்லாம் தலைகீழ். மாட்டுவண்டியின் ஏர்க்காலைப் பிடித்துப் பின்னால் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஏர்க்காலை இடப்பக்கம் ஒதுக்கினால் வண்டியின் பின்புறம் வலப்பக்கம் போகும். டிரெய்லரை வலப்பக்கம் வளைக்க ஸ்டியரிங்கை முதலில் இடப்பக்கம் திருப்ப வேண்டும். டிரெய்லர் வளையத் தொடங்கியவுடன் அதை அப்படியே விட்டால் வளைவு தானாகவே கூடிக்கொண்டே போய், முன்வண்டியும் பின்வண்டியும் மடக்குக் கத்தியாக மடங்கிவிடும். எனவே சரியான நொடியில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, முன்வண்டி டிரெய்லரைத் துரத்திப் பின்தொடரச் செய்ய வேண்டும். சிறு அசைவு, காத்திருப்பு, மறுபடி சிறு அசைவு. பதறியவர்கள் ஸ்டியரிங்கை அதிகம் திருப்புகிறார்கள். அந்தத் தப்பைத் திருத்த இன்னும் அதிகம்.

கண்ணாடிகளும் ஒரு கட்டம்வரைதான் கைகொடுக்கும். பிரிட்டனில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். டிரெய்லர் வலப்பக்கம் வளையும்போது ஜன்னல் வழியாகவே அதன் பின்சக்கரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். இடப்பக்கம் வளைந்தால் வலக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் மறைந்து வெறும் மைதானம் தெரியும், இடக் கண்ணாடியில் சுவரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வால் எங்கே இருக்கிறது என்பது அப்போது ஊகம். ஓட்டுநர்கள் அதைக் குருட்டுப் பக்கம் என்கிறார்கள். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரத் தேர்வு இடம் தருகிறது. முன்னே சற்று நகர்ந்து வண்டியை நேராக்கிக்கொள்ளவும் இடம் உண்டு. ஆனால் கணக்கு உண்டு, அளவு மீறினால் பிழை. இறங்கிப் பார்ப்பதைத் திறமைக் குறைவாக நினைக்கும் இளைஞர்கள்தான் கூம்பைச் சாய்க்கிறார்கள் என்பது பயிற்சிக் களங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு.

பின்னெடுத்தலை விடக் குறைவாகப் பேசப்படுவதும், உயிர்க் கணக்கில் அதைவிடப் பெரியதும் அடுத்த பகுதி: டிரெய்லரைக் கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும்.

முன்வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய தட்டையான இரும்புத் தட்டு இருக்கிறது. அதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். டிரெய்லரின் அடியில் இரண்டு அங்குலத் தடிமனில் கிங்பின் என்ற எஃகுக் குச்சி தொங்குகிறது. தட்டின் பிளவுக்குள் அந்தக் குச்சி போய்ப் பூட்டிக்கொண்டால் இரண்டும் ஒரு வண்டி. ஆக, மொத்த டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு போவது அந்த இரண்டங்குலம்தான். கூடவே காற்றுக்குழாய்கள்: சிவப்புக் குழாய் டிரெய்லரின் தொட்டிக்கு எப்போதும் காற்று தரும், மஞ்சள் குழாய் மிதிக்கும்போது பிரேக்குக்கு ஆணை கொண்டுபோகும். மின்கம்பிகள் தனி.

கழற்றும் வரிசை தேர்வில் மனப்பாடமாக வர வேண்டும். முன்வண்டியின் கைப்பிரேக், இறங்கிப் போய் டிரெய்லரின் நிறுத்தப் பிரேக், தாங்கு கால்களைக் கைப்பிடியால் சுற்றித் தரையில் ஊன்றுவது, காற்றுக்குழாய்களையும் மின்கம்பிகளையும் கழற்றுவது, பூட்டின் பாதுகாப்புக் கொக்கியை எடுப்பது, கைப்பிடியை இழுத்துப் பூட்டைத் திறப்பது, டிரெய்லரின் பின்னால் மாட்டிய எண் பலகையை எடுத்துக்கொள்வது. எண் பலகை ஏன்? பிரிட்டனில் டிரெய்லர் அதை இழுக்கும் வண்டியின் எண்ணையே தாங்க வேண்டும். எனவே ஒவ்வொரு ஓட்டுநரும் தன் பலகையை டிரெய்லர் டிரெய்லராக மாற்றி மாட்டிக்கொண்டு திரிகிறார். தேர்வு நடக்கும் நாளில் மறந்துபோவதும் பெரும்பாலும் இந்தப் பலகைதான் என்று கிண்டல் உண்டு.

பூட்டும்போது வரிசை திரும்புகிறது, ஆபத்து கூடுகிறது. முதலில் டிரெய்லரின் நிறுத்தப் பிரேக் போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், முந்தைய ஓட்டுநர் போட்டிருப்பார் என்று நம்பக் கூடாது. உயரம் சரியா என்று பார்த்து மெல்லப் பின்னே போய், பூட்டு விழும் சத்தம் கேட்டதும், டிரெய்லர் பிரேக் போட்ட நிலையிலேயே முன்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டி அசையாமல் திமிறினால் பூட்டு பிடித்திருக்கிறது என்று பொருள். பிறகு இறங்கி, பூட்டை நேரில் கண்டு, கொக்கியை மாட்டிய பிறகே காற்றுக்குழாய். சிவப்புக் குழாயைச் செருகியவுடன் டிரெய்லருக்குக் காற்று பாய்ந்து அதன் அவசரப் பிரேக் விடுபடும். முன்வண்டியின் கைப்பிரேக்கையும் டிரெய்லரின் நிறுத்தப் பிரேக்கையும் மறந்திருந்தால் அந்த நொடியில் முழு லாரியும் நகரும். குழாயைச் செருகும் ஓட்டுநர் நிற்பது முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில். அல்லது அவர் ஓடும் வண்டியை நிறுத்த ஏறப் பார்ப்பார். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் இந்த வகை மரணங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. இறந்தவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. தேர்வாளர் கையில் அட்டையோடு நின்று ஒவ்வொரு படியையும் கவனிப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

இந்த மைதானப் பகுதியைத்தான் 2021-இல் அரசு தன் தேர்வாளர்களின் கையிலிருந்து ஓரளவு விடுவித்தது. அனுமதி பெற்ற பயிற்சி நிறுவனங்களின் மதிப்பீட்டாளர்களும் இதை நடத்தலாம் என்றது. அரசுத் தேர்வாளர்களின் நேரம் சாலைத் தேர்வுக்கு மிச்சமாகும் என்பது வாதம். கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் உயிரை வாங்கும் பிழைகள் எந்தப் பகுதியில் இருக்கின்றனவோ, அதைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பயிற்சி விற்கும் தொழிலுக்கே பகிர்ந்து கொடுத்தது மேலும் கூர்ந்த விவாதத்துக்கு உரியது. படி நீக்கத்தைப் பற்றி எழுந்த சத்தத்தில் இது அமுங்கிப்போனது.

சாலைத் தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம். முதலில் வண்டியின் பாதுகாப்பு பற்றி வாய்மொழிக் கேள்விகள்: டயர் பள்ளத்தின் ஆழம் எவ்வளவு, காற்றுக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, விளக்குகளை எப்படிச் சரிபார்ப்பது. பிறகு சாலை. நடுவில் சுமார் பத்து நிமிடம் தேர்வாளர் வழி சொல்லாமல், பெயர்ப் பலகைகளைப் பார்த்தோ முன்பே சொன்ன குறிப்புகளை வைத்தோ ஓட்டச் சொல்வார்.

இந்தச் சாலைத் தேர்வின் சாரத்தை இடப்பக்கத் திருப்பத்தில் பார்த்துவிடலாம். நம் ஊரைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், எனவே இடத் திருப்பம்தான் இறுக்கமானது. டிரெய்லரின் சக்கரங்கள் முன்வண்டி போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். காரைப் போலத் திருப்பினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும், கம்பத்தில் உரசும், அங்கே நிற்பவர் மேல் ஏறும். எனவே சந்திப்பைத் தாண்டி நேராகவே போய், தாமதித்து, பிறகு திருப்ப வேண்டும். அப்படிப் போகையில் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஓர் இடைவெளி திறக்கிறது. சைக்கிள்காரருக்கு அது வழி விட்டதாகத் தெரிகிறது, அவர் நுழைகிறார், டிரெய்லர் அந்த இடைவெளியை மூடிக்கொண்டு வருகிறது. லண்டனில் சைக்கிள் ஓட்டுபவர்களின் சாவுகளில் லாரிகளின் பங்கு சாலையில் அவற்றின் எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிது. கேபினிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து நட்சத்திரம் போடும் விதியை அந்த நகரம் 2021 மார்ச்சில் அமலாக்கி, 2024 அக்டோபரில் மூன்று நட்சத்திரமாக உயர்த்தியது இதனால்தான். தேர்வில் ஒருவர் திருப்பத்துக்கு முன் இடக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, திருப்பம் முடியும்வரை மறுபடி பார்க்கவில்லை என்றால், யார் மேலும் மோதாவிட்டாலும் அது கடும் பிழை ஆகலாம். இந்தக் கண்டிப்பு சரி.

ரவுண்டானாவிலும் இதே கணக்கு. சில ரவுண்டானாக்களில் இரண்டு தடங்களையும் அடைத்துக்கொண்டுதான் டிரெய்லரால் சுற்ற முடியும். அதைத் தயங்காமல், முன்கூட்டியே செய்பவர் தேறுகிறார். பின்னால் ஹாரன் அடிக்கும் காருக்குப் பயந்து ஒதுங்குபவர் ஓரக்கல்லில் ஏறித் தோற்கிறார். மரியாதை காட்டியதற்குத் தண்டனை கிடைக்கும் தேர்வு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வேகம் இன்னொரு பொறி. ஏழரை டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒற்றைச் சாலையில் 50 மைல், இரட்டைச் சாலையில் 60 மைல். 2015 ஏப்ரலில் உயர்த்திய வரம்புகள் இவை. வண்டியில் பூட்டிய கருவியோ 56 மைலுக்கு மேல் விடாது. தேர்வாளர் எதிர்பார்ப்பது வரம்பை மீறாத ஓட்டம் மட்டும் அல்ல. காரணமில்லாமல் ஊர்ந்து போனாலும் பிழை விழும்.

மதிப்பெண் முறை எளிது. பதினைந்து சிறு பிழைகள்வரை மன்னிப்பு. பதினாறாவது விழுந்தால் தோல்வி. கடும் பிழையோ ஆபத்தான பிழையோ ஒன்றே போதும், தோல்வி. தேர்வுக்குப் போகிறவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறுகிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. தேர்வுக்குக் கொண்டுவரும் டிரெய்லர் லாரி குறைந்தது 14 மீட்டர் நீளமும், தேர்வு நேரத்தில் உண்மையில் 15 டன் எடையும் இருந்தால் போதும். எடைக்காகப் பெரும்பாலும் ஆயிரம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளை ஏற்றிக் கட்டுகிறார்கள். தேறியவர் அடுத்த நாளே ஓட்ட உரிமை பெறுவது 44 டன். அதாவது தேர்வில் நிறுத்திக் காட்டிய எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இறக்கத்தில் பிரேக் சூடேறுவது, மேட்டில் வேகம் வடிவது, ஈரச் சாலையில் நிற்கும் தூரம் நீள்வது, இவை எல்லாம் எடையோடு மாறும் சங்கதிகள். கியரைப் பற்றிய விதியும் அப்படியே: 2014 முதல், கையால் கியர் மாற்றும் காரில் தேறியவர் ஆட்டோமேட்டிக் லாரியில் தேர்வு கொடுத்தாலும் இருவகை லாரியையும் ஓட்டலாம். இன்றைய லாரிகளில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் என்பதால் இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இனி, படி ஏன் எடுக்கப்பட்டது என்ற கதை.

2021 கோடையில் பிரிட்டனில் ஒரு லட்சம் லாரி ஓட்டுநர்கள் குறைவாக இருப்பதாகச் சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சங்கம் மதிப்பிட்டது. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்ததும் போலந்து, ருமேனியா ஓட்டுநர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். கொரோனாவில் தேர்வுகள் மாதக்கணக்கில் நின்றன. 2020-இல் மட்டும் சுமார் 30,000 தேர்வுகள் நடக்காமல் போனதாகச் சங்கம் சொன்னது. ஏப்ரலில் வந்த வரிவிதி மாற்றம், தனிக் கம்பெனி வைத்து ஓட்டியவர்களின் வருமானத்தைக் குறைத்தது. ஓய்வு பெறும் வயதில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். சூப்பர் மார்க்கெட் தட்டுகள் காலியாகின. டெஸ்கோ நிறுவனம் புதிதாகச் சேரும் ஓட்டுநருக்கு ஆயிரம் பவுண்டு சேர்க்கைப் பணம் அறிவித்தது. செப்டம்பர் கடைசியில் சில பெட்ரோல் பங்குகளை மூட வேண்டியிருக்கிறது என்று பி.பி. எண்ணெய் நிறுவனம் சொன்னதும் மக்கள் வரிசையில் நின்றார்கள். அக்டோபர் 4 முதல் ராணுவ வீரர்கள் பெட்ரோல் டேங்கர் ஓட்டினார்கள். லாரி உரிமம் வைத்திருந்த ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள் ‘திரும்பி வாருங்கள்’ என்று அரசு கடிதம் போட்டது. பழைய ஜெர்மன் கார் உரிமத்தில் ஏழரை டன் அனுமதி ஒட்டியிருந்ததால், வாழ்நாளில் லாரியே ஓட்டாத சில ஜெர்மானியர்களுக்கும் அந்த அழைப்பு போனது.

இந்தக் குழப்பத்தின் நடுவே, செப்டம்பர் 10 அன்று போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் தேர்வு விதிகளைத் தளர்த்துவதாக அறிவித்தார். காரில் டிரெய்லர் இழுப்பதற்கான தேர்வை எடுத்துவிடுவது, இரண்டு லாரித் தேர்வுகளை ஒன்றாக்குவது, மைதானப் பகுதியைப் பிரிப்பது. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 தேர்வு இடங்கள்வரை கூடுதலாகும் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் இது முடிந்திருக்காது; டிரெய்லர் உரிமத்துக்கு முன் லாரி உரிமம் வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு ஒன்றிய நெறிமுறை கட்டாயமாகச் சொல்கிறது. ஓட்டுநர் பற்றாக்குறைக்கு ஒரு காரணமான அதே பிரிவுதான் இந்தத் தீர்வுக்கும் வழிவிட்டது.

எதிர்த்தவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதாக இல்லை. ஒற்றை லாரியில் சில மாதம் ஓட்டியவருக்கு உயரம், அகலம், காற்றுப் பிரேக்கின் குணம், கண்ணாடிகளில் உலகைப் பார்க்கும் பழக்கம் எல்லாம் ஊறியிருக்கும். மடங்கும் வண்டி ஒன்றை மட்டும் புதிதாகக் கற்றால் போதும். எல்லாவற்றையும் ஒரே வாரப் பயிற்சியில் திணித்தால் தலை தாங்குமா என்றார்கள். ஆனால் அந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பழைய விதி சில மாத அனுபவத்தைக் கேட்கவே இல்லை. லாரித் தேர்வில் வெள்ளிக்கிழமை தேறியவர் அடுத்த வாரமே டிரெய்லர் தேர்வுக்கு நின்றார். நடுவில் ஒரு மூட்டை சரக்குகூட ஏற்றிப் பழகியிருக்க வேண்டியதில்லை. படி இரண்டு இருந்தது, படிகளுக்கு நடுவில் காலம் இல்லை. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டம், போக்குவரத்து வாகனத்தின் பழகுநர் உரிமத்துக்கே இலகுரக வாகன உரிமம் குறைந்தது ஓராண்டு கையில் இருந்திருக்க வேண்டும் என்கிறது. காலத்தை அனுபவமாகக் கணக்கிட விரும்பினால் சட்டம் அப்படித்தான் எழுதப்படும். பிரிட்டன் இழந்தது இன்னொரு தேர்வுநாளையும் இன்னொரு கட்டண ரசீதையும்; அனுபவத்தைச் சட்டம் முன்பும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஒற்றை லாரியில் தொடங்க விரும்புபவருக்கு அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது, தயங்கும் மாணவர்களுக்குப் பயிற்சியாளர்கள் அதையே சொல்கிறார்கள்.

பற்றாக்குறையைத் தீர்த்ததா? தேர்வு எடுப்போர் எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. ஆனால் தேர்வைப் பூட்டாகவும் ஓட்டுநர்களைப் பூட்டுக்கு வெளியே நிற்பவர்களாகவும் பார்த்ததே பாதிப் பார்வை. உரிமம் வைத்துக்கொண்டே ஓட்டாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பத்து லட்சம் கடிதமே சாட்சி. அவர்கள் விட்டுப்போனது கூம்புகளுக்குப் பயந்து இல்லை. பதினைந்து மணி நேர வேலைநாள், சாலையோர ஒதுக்கிடத்தில் கேபினுக்குள் உறக்கம், குளிக்க இடமில்லாமை, கழிப்பறையைத் தரமறுக்கும் கிடங்குகள். லாரி நிறுத்தங்களை மேம்படுத்த 2021 பட்ஜெட்டில் 32.5 மில்லியன் பவுண்டு ஒதுக்கியபோது அரசு இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டது.

வேலையில் சேர்ந்தபின் வருவதைத் தேர்வு தொடுவதில்லை. இரவில், மழையில், பழக்கமில்லாத கிடங்கில், இரண்டு லாரிகளுக்கு நடுவே குருட்டுப் பக்கமாகப் பின்னெடுப்பது மைதானத்தில் கிடையாது. மோட்டர்வே ஓட்டம் தேர்வில் கட்டாயமில்லை. டிரெய்லரின் உயரத்தைப் பார்த்துக் கேபினில் எழுதி வைத்து, அதற்கேற்ற வழியைத் தேடுவதும் அப்படியே. பிரிட்டனில் ரயில்பாலங்களில் வண்டிகள் மோதுவது ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். லெஸ்டர்ஷயரில் ஹிங்க்லி அருகே ஏ5 சாலையின் குறுக்கே உள்ள பாலம் இதற்குப் பேர்போனது. தொழில்தகுதிச் சான்றின் அரைமணி நேரச் செய்முறைப் பகுதி இந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்பப் பார்க்கிறது. சரக்கைக் கட்டுவது, வண்டியைச் சுற்றிச் சோதிப்பது, தீப்பிடித்தால் என்ன செய்வது, டிரெய்லருக்குள் ஆட்கள் ஒளிந்து நாட்டுக்குள் வருவதை எப்படித் தடுப்பது என்று ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றிலும் இருபதுக்குப் பதினைந்து, மொத்தத்தில் எண்பது வேண்டும். வாயால் சொல்லியும் கையால் காட்டியும் தேறலாம். நாலரை மணி நேரம் ஓட்டியபின் நாற்பத்தைந்து நிமிட ஓய்வு என்ற விதி எழுத்துத் தாளில் வரும். ஓய்வுக்கு நிறுத்த இடம் கிடைக்காதபோது என்ன செய்வது என்பது எந்தத் தாளிலும் வராது.

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இந்தத் தேர்வின் முகம் வேறு. இந்திய உரிமத்தையும் இலங்கை உரிமத்தையும் பிரிட்டன் உரிமமாக மாற்றிக்கொள்ள வழியில்லை. நாமக்கல்லில் இருபது ஆண்டு டிரெய்லர் ஓட்டியவரும் லண்டனில் குடியேறினால் சிவப்பு எழுத்துப் பலகை மாட்டிய காரில் தொடங்கி, கார் தேர்வு, மருத்துவப் படிவம், எழுத்துத் தாள், மைதானம், சாலை என்று எல்லாவற்றையும் கடக்க வேண்டும். இப்படி வருகிறவருக்குப் பின்னெடுத்தல் கைவந்த கலை. அவரைத் தடுக்கி விடுவது பெரும்பாலும் பழைய பழக்கங்கள்: கண்ணாடியை விட ஹாரனை நம்புவது, இடைவெளி கிடைத்ததும் நுழைந்துவிடுவது. அதே நேரம் மூன்று மாதக் கார் அனுபவம் மட்டும் உள்ள உள்ளூர் இளைஞர் அதே வரிசையில், அதே கட்டணத்தில் நிற்கிறார். இந்தத் தேர்வு கடந்த காலத்தைக் கேட்பதில்லை. நேர்மைக்கு அது அழகு; ஆனால் அனுபவத்தை எடைபோடும் வேலை அதனால் வேறு யாருக்கோ போய்ச் சேர்கிறது.

அந்த வேறு யாரோ, நடைமுறையில் காப்பீட்டு நிறுவனங்கள். புதிதாகத் தேறியவருக்குக் காப்பீடு விலை அதிகம். எனவே ‘இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும்’ என்ற வரி விளம்பரங்களில் சர்வசாதாரணம். சட்டம் எடுத்த படியைச் சந்தை தன் பாட்டுக்கு மறுபடி கட்டிவிட்டது. புதியவர்களுக்கு முதல் வாய்ப்பு தரும் கம்பெனிகளில் பொறுப்பானவை பழைய ஓட்டுநர் ஒருவரைச் சில வாரம் கூட உட்கார வைக்கின்றன. மற்றவை சாவியைக் கொடுத்து, முகவரியைக் கொடுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு அனுப்பிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை எந்த விதியும் கட்டுப்படுத்தவில்லை. படிகளைப் பற்றிச் செலவிட்ட சொற்களில் பாதியை இந்த முதல் சில வாரங்களைப் பற்றிச் செலவிட்டிருந்தால் பயன் அதிகம் இருந்திருக்கும்.

அது முடியாத காரியம் இல்லை என்பதற்கு அரசின் அலமாரியிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2023 மே 31 முதல் பிரிட்டனில் மேலும் நீளமான டிரெய்லர்களுக்கு அனுமதி வந்தது. மொத்த வண்டியின் நீளம் 18.55 மீட்டர்வரை போகலாம். வளையும்போது வால் வெளிப்பக்கம் வீசும் தூரம் அவற்றில் கூடுதல். இதற்காகப் புதிய உரிமமோ தேர்வோ உருவாக்கப்படவில்லை. கிளாஸ் ஒன் அட்டையே செல்லும். மாறாக, வண்டியை ஓடவிடும் நிறுவனம் வழித்தடத்தைத் திட்டமிட்டு அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்று சட்டம் சொன்னது, ஓட்டுநருக்கும் வண்டிகளை அனுப்பும் அலுவலருக்கும் தனிப் பயிற்சி எதிர்பார்க்கப்பட்டது. இரண்டு மீட்டர் கூடுதல் நீளத்துக்கு நிறுவனத்தின் மேல் வைத்த அந்தக் கடமை, முதல் வாரம் ஓட்டும் ஓட்டுநரிடம் 44 டன்னை ஒப்படைக்கும் நிறுவனத்தின் மேல் இதுவரை வைக்கப்படவில்லை.